வாடகை மோட்டார் படகில் விடுமுறை: முதல்முறை ஓட்டுபவருக்கான செய்முறை

கார் நன்றாக ஓட்டுபவர்கள்தான் மோட்டார் யாட்டில் முதல் நாள் அதிகம் தடுமாறுவார்கள். படகுக்கு பிரேக் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் திரும்பும். கூடவே பின்பக்கம் எதிர்த்திசையில் வீசிக்கொண்டு போகும். போதாததற்கு, காற்றும் நீரோட்டமும் சொல்லாமல் கொள்ளாமல் படகை நகர்த்திக்கொண்டே இருக்கும். கைக்குப் பழகிய கார் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

படி 1: சாவி வாங்கும் முன்

பல நாடுகளில் ஓட்டுநர் இல்லாமல் படகு எடுக்கச் சான்றிதழ் கேட்பார்கள். சில இடங்களில் ரேடியோ இயக்கத் தனிச் சான்றிதழும் வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

படகை ஒப்படைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். பைகளை அறையில் வைக்க வேண்டும், பிள்ளைகள் குதிக்கிறார்கள், "சரி சரி, புரிந்தது" என்று தலையாட்டிவிடுவோம். தலையாட்டாதீர்கள். படகை ஒப்படைப்பவர் செய்து காட்டியதை உங்கள் கையால் ஒருமுறை செய்து பாருங்கள்: இன்ஜினை நிறுத்துவது, எரிபொருள் வால்வை மூடுவது, பேட்டரி சுவிட்சுகள், நங்கூர மோட்டார், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப். லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் போட்டு அளவு சரிசெய்ய வேண்டும். தீயணைப்பான் எங்கே, அவசர வெளிச்சக் குச்சிகளின் காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். அவர் விளக்குவதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் கழிவறை அடைத்துக்கொள்ளும்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும். ஏற்கெனவே உள்ள கீறல்களையும் அப்போதே படம் எடுங்கள்.

பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆழமானி காட்டும் எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது? நீர்மட்டத்திலிருந்தா, கருவி பொருத்திய இடத்திலிருந்தா, படகின் அடிமுனையிலிருந்தா? திரையில் 1.5 மீட்டர் என்று வந்தால், ஒரு படகில் அது நிம்மதி, இன்னொரு படகில் தரைதட்டல். படகு எவ்வளவு ஆழம் மூழ்கி நிற்கும், பாலத்தின் அடியில் போக எவ்வளவு உயரம் வேண்டும் என்ற இரண்டு எண்களையும் ஸ்டியரிங் அருகே எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 2: தினமும் காலையில்

ஆயில் அளவு, கூலன்ட், பெல்ட், கடல்நீர் வடிகட்டி, அடித்தளத்தில் புதிதாகத் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா: எல்லாம் பத்து நிமிட வேலை. பெட்ரோல் இன்ஜின் என்றால், தொடங்கும் முன் இன்ஜின் அறை ஊதுவிசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கிக் கிடக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பின்னால் எட்டிப் பாருங்கள். புகைக்குழாய் வழியாகத் தண்ணீரும் வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். குளிரூட்டும் நீர் போகவில்லை என்று அர்த்தம்.

எரிபொருளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. 600 லிட்டர் டேங்கில் 200 லிட்டர் தீர்ந்ததும் திரும்ப வேண்டும். வேகத்தைக் கூட்டினால் இந்தக் கணக்கு சீக்கிரம் கவிழும். 7 நாட் (கடல் வேக அளவு, மணிக்கு சுமார் 13 கி.மீ.) வேகத்தில் போகும் படகை 18 நாட் வேகத்துக்கு ஏற்றினால், ஒரு மைலுக்கான எரிபொருள் பல படகுகளில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

வானிலை அறிக்கையைக் காலையிலும் மதியமும் பாருங்கள். காற்று 11 முதல் 16 நாட் என்றால் காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 4; அலைகளின் தலையில் ஆங்காங்கே வெள்ளை நுரை நிறையவே தெரியும். புதியவர்கள் அதற்கு மேல் கிளம்பாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு நாள் துறையிலேயே சீட்டாடிக் கழித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 3: துறையில் கட்டுவது

வியர்க்க வைப்பது இதுதான். எனக்கு முதல்முறை நேர்ந்தது இது: படகு துறையை விட்டு விலகுவதுபோல் தோன்றியது, பதறி திராட்டிலைக் (காரின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி) கூட்டினேன், பின்பக்கம் போய் ஒரு தூணில் இடித்தது. அப்புறம்தான் புரிந்தது, துறைக்குள் திராட்டிலே தேவையில்லை, கியர் மட்டும் போதும் என்று.

கியரைப் போடுங்கள், இரண்டு வினாடி, நியூட்ரல். படகு என்ன செய்கிறது என்று பாருங்கள். திரும்ப இரண்டு வினாடி. இரட்டை இன்ஜின் படகு என்றால் ஸ்டியரிங்கை நடுவில் விட்டுவிடலாம். இடது இன்ஜின் முன்னால், வலது இன்ஜின் பின்னால் என்று வைத்தால் படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுழலும்.

காற்று, நீரோட்டம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து வாருங்கள். இல்லாத பிரேக்கை அது தரும். கயிறுகளும் ஃபெண்டர்களும் (இடியைத் தாங்கும் காற்றுப் பைகள்) உள்ளே நுழைவதற்கு முன்பே தொங்க வேண்டும். படகின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கயிற்றைக் கரையில் சற்றுப் பின்னால் உள்ள முளையில் மாட்டி, ஸ்டியரிங்கைத் துறைக்கு எதிர்ப்புறம் திருப்பி, மெதுவாக முன் கியரில் வைத்தால் படகு துறையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம்.

யாரும் கரைக்குத் தாவக் கூடாது. கையாலோ காலாலோ படகைத் தள்ளி நிறுத்தவும் கூடாது. பல டன் எடைக்கு முன் எலும்பு நிற்காது. சரியாக வரவில்லையா, வெளியே போய்த் திரும்ப வாருங்கள். முதல் நாள் திறந்த நீரில் ஒரு ஃபெண்டரை மிதக்கவிட்டு, அதன் பக்கத்தில் போய் நிறுத்திப் பழகுங்கள்.

படி 4: வழியில்

1972 ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் முதலில் தெரிய வேண்டியவை சில. இரண்டு மோட்டார் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வரும் மோட்டார் படகு உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் வழி விட வேண்டியவர் நீங்கள். முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும். ஒரு படகு நெருங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் அது தெரியும் திசை மாறவே இல்லை என்றால் மோதப்போகிறீர்கள். சீக்கிரமாக, எதிராளிக்குத் தெளிவாகத் தெரியும்படி திசை மாற்றுங்கள். விதி உங்கள் பக்கம் இருந்தாலும் பெரிய கப்பலின் பாதைக்குள் போகாதீர்கள்.

பாதையைக் காட்டும் மிதவைகளின் நிறத்தில் ஒரு சிக்கல். உலகின் பெரும்பகுதியில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு உங்கள் இடப்பக்கம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் சிவப்பு வலப்பக்கம்.

படி 5: நங்கூரம்

பிற்பகலிலேயே போய்ச் சேருங்கள், வெளிச்சத்தில்தான் அடித்தரை தெரியும். ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை நீருக்கு மேல் 1 மீட்டர், ஓதத்தால் கடல்மட்டம் இன்னும் 1 மீட்டர் ஏறும் என்றால் கணக்கு 6 மீட்டர். சங்கிலிக்கு ஐந்து மடங்கு, ஆக 30 மீட்டர் விடுங்கள். பெரும்பாலும் கயிறு என்றால் ஏழு மடங்கு. காற்றை நோக்கி நின்று நங்கூரத்தை இறக்கி, மெல்லப் பின்வாங்கி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் மரமும் வீடும் அப்படியே ஒரே கோட்டில் நின்றால் பிடித்துவிட்டது. அக்கம்பக்கப் படகுகளும் காற்றோடு வட்டமடிக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

படி 6: தண்ணீரில் ஆள் இருக்கும்போது

யாராவது நீந்தினால் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது. ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள். பின்பக்க நீச்சல் மேடையில் தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஓடும் படகிலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் விழுந்த பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பின்பக்கமும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். ஒருவர் கண்ணெடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டே இருக்கட்டும். உயிர்காப்பு மிதவையை எறியுங்கள், ஜிபிஎஸ்ஸில் ஆள் விழுந்த இடத்தைக் குறித்துவைக்கும் எம்ஓபி பட்டனை அழுத்துங்கள். அவர் அருகில் வந்ததும் இன்ஜின் நிற்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் விஎச்எஃப் ரேடியோவில் 16 ஆம் சேனல். "மேடே" என்ற ஆபத்து அழைப்பு மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இதை ஒரு அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டி, திரையில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படிக்க இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். படகை நிறுத்தவும் திருப்பவும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். விழுவது நீங்களாகவும் இருக்கலாம், அப்போது திரும்பி வந்து உங்களை எடுக்கப்போவது அவர்தான்.