ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை சோதனைச் சாவடி நெருங்கும்போதுதான் காருக்குள் 'டக்'கென்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்கும். 1,000 ரூபாய் அபராதப் பயம். சாவடி தாண்டியதும் கழற்றிவிடுவார்கள். நாகர்கோவிலில் இருந்து அதுவரை வந்த வளைவிலும் நெரிசலிலும் பெல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கேட்டால், "ஏர்பேக் உண்டுல்லா அண்ணே" என்பார்கள். இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. மோதியதும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தக் காற்றுப் பை வெடித்து விரிகிறது. பெல்ட் போட்டவரின் உடம்பை பெல்ட் பிடித்து நிறுத்தும், பை தலையைத் தாங்கும். போடாதவரோ பிரேக் அடித்தபோதே முன்னால் சரிந்திருப்பார். விரியும் பை அவர் முகத்தில் அறையும், கழுத்தே முறியலாம். பெல்ட் போட்டாலும் ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

இதனால்தான் முன்சீட்டில் மடியில் பிள்ளையோடு யாரையாவது பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 10 கிலோ பிள்ளை நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. பிள்ளைக்குப் பின்சீட்டில் தனி இருக்கை வாங்கிப் போடுங்கள். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில், பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது.

சேலை கசங்கும் என்று சிலர் தோள் பட்டையை அக்குளுக்கு அடியில் விடுகிறார்கள். மோதினால் அது விலா எலும்பை நொறுக்கும். பட்டை தோளின் நடுவே போக வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படித்தான், வயிற்றுக்குக் கீழே. பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் எச்சரிக்கை மணியை அடக்க, பக்கிளில் செருக விற்கும் வெறும் கிளிப்பைத் தூக்கி எறியுங்கள்.

அப்புறம் மழைக்காலம். ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி தடுக்கும் அமைப்பு, உள்ள வண்டியில் சட்டென்று பிரேக்கை அழுத்தினால் மிதி காலடியில் கடகடவென்று உதறும். பயந்து காலை எடுக்காதீர்கள். அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகுங்கள். ஆனால் வழுக்கும் ரோட்டில் வண்டி நிற்கும் தூரத்தை ஏபிஎஸ் பெரிதாகக் குறைத்துவிடாது. பேச்சிப்பாறைப் பக்கம் வளைவுகளில் வேகத்தை நாம்தான் குறைக்க வேண்டும்.

தோட்டத்தில் இருந்து வரும் சக்கையும் (பலாப்பழம்) ஏத்தன்குலையும் (நேந்திரன் வாழைக்குலை) டிக்கியில்தான் போக வேண்டும். பின்கண்ணாடி ஓரம் வைத்த சக்கை, மோதலில் பறந்து வந்து முன்னால் இருப்பவரின் பிடரியில் விழும்.

பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். சரி, இன்றே சீட் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.