பழைய கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்க

ஆலயப் பாடகர் குழுவில் ஓரமாகக் கிடக்கும் பழைய கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் 5 துளையுள்ள வட்டமான மிடி (MIDI) அவுட், அதாவது வாசிப்பதைத் தகவலாக வெளியே அனுப்பும் இணைப்பு இருந்தால் போதும், யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்று வாங்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம்.

பலரும் தவறுவது இங்கேதான்: கேபிளில் 'இன்' என்று எழுதிய முனை கீபோர்டின் 'அவுட்'டில் போக வேண்டும். சில கேபிள்களில் எழுத்து நேர்மாறாக இருக்கும். சத்தம் வராவிட்டால் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

மிடி வழியாகப் போவது இசை அல்ல, எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது போன்ற தகவல் மட்டுமே. ஆகவே அதை ஒலியாக மாற்ற, கம்ப்யூட்டரில் இசை மென்பொருள் கட்டாயம். ஒரே சுரம் இரண்டாகக் கேட்டால் கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தானே ஒலிக்கும் அமைப்பை) அணையுங்கள். அழுத்தியபின் தாமதமாக ஒலித்தால், விண்டோஸில் ஏஷியோ (ASIO) டிரைவர் என்ற, தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளைப் போட்டு, பஃபரை (ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். ஒலி கரகரத்தால் 256 ஆக்குங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு, துளைக்குள் இருக்கும் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சில சுரங்கள் விட்டுப்போக அதுவும் காரணம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) லேசாக அடித்து, பிளக்கை நாலைந்து முறை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் இணையுங்கள்.