ஊர் மாறிய பின் ஜூடோ பள்ளி தேடிய கதை

ஊர் மாறியதும் அவசரப்பட்டு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஜூடோ பள்ளியில் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே ஓராண்டு ஒப்பந்தம். விழப் பழகாதவர்களையும் நேரடி மோதலில் இறக்கினார்கள். இரண்டாம் வாரம் தோள்பட்டை பிசகியது.

குணமானதும், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பார்க்க விடாத இடத்தில் சேர்வதில்லை. மூன்றாவதாகப் போன பள்ளியில், புதிதாக வந்த சிறுமிக்கு மாஸ்டர் அரை மணி நேரம் உகேமி, அதாவது அடிபடாமல் விழும் முறை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்: மோவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், உள்ளங்கை பாயில் பட்டென்று அறைய வேண்டும். அந்தச் சத்தத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிடியில் சிக்கியவர் இரண்டு முறை தட்டியதும் எதிராளி உடனே விட்டார். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ வலியுறுத்திய 'தானும் பிறரும் சேர்ந்து வளர்வது' அங்கே கண்முன் நடந்தது.

வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். மனநிறைவோடு கட்டிக்கொண்டேன்.