தமிழ்ப் பக்கம் பாதியில் அறுந்த கதை

வீட்டுப் புத்தகங்களின் பட்டியலைக் காட்ட, பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் எச்டிடிபி.சர்வர் என்ற வலைச் சேவையக நிரலை வைத்துச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். உலாவி கேட்டதும் பக்கத்தைப் பற்றிய விவரம் சொல்லும் ஹெடர் வரிகள் போகும், ஒரு வெற்று வரி, அப்புறம் பக்கம். அவ்வளவுதான் வேலை.

ஆங்கிலத் தலைப்புகளோடு சோதித்தபோது சரியாக வந்தது. தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்ததும் பட்டியல் நடுவிலேயே அறுந்து நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எழுத்துருவைச் சந்தேகப்பட்டதில் ஒரு மாலைப் பொழுது போய்விட்டது.

கோளாறு, பக்கத்தின் அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் என்ற ஹெடர் வரியில் இருந்தது. அங்கே எத்தனை பைட் என்று சொல்ல வேண்டும். நான் எத்தனை எழுத்து என்று சொல்லியிருந்தேன். எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 வேண்டும். ‘அம்மா’ என்ற சொல்லை பைத்தான் 5 குறியீடு (அ, ம, புள்ளி, ம, கால்) என்று எண்ணுகிறது, ஆனால் அனுப்புவது 15 பைட். சொன்ன அளவு வந்து சேர்ந்ததும் உலாவி வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. அதன்மேல் தப்பில்லை.

பக்கத்தை முதலில் யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, அந்த பைட்டுகளின் நீளத்தைக் கொடுத்தேன். கன்டென்ட்-டைப் வரியில் சார்செட்டையும் (எழுத்துகளைக் குறிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று குறித்தேன். கடைசிப் புத்தகம் வரை முழுதாக வந்தது.