லொசார்டன் போடுற ஆளா? நோக் குளிசை வாங்க முதல் இதைச் செய்யுங்கோ

வெள்ளவத்தையில இருக்கிற எங்கட சித்தப்பா போன வருசம் முழங்கால் நோ தாங்கேலாம பார்மசியில கேட்டு டிக்ளோபெனக் ரெண்டு கார்ட் வாங்கிட்டு வந்தார், ஏற்கனவே பிரஷருக்கு லொசார்டனும் சலம் போற குளிசையும் போடுற ஆள், அந்தக் கிழமை பாத்து கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாம வயித்தோட்டம் வேற. நாலாம் நாள் சலம் குறைஞ்சு கால் வீங்கிட்டுது, கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்தில ஏறுற கிரியேட்டினினைப் பாத்தா 3.1, வழமையா 1.1 தான் இருக்கும். நேரத்தோட கொண்டுபோனதால தப்பினார்.

ஏன் இப்பிடி ஆச்சு எண்டு விளங்கினா மிச்சம் எல்லாம் லேசு. இதயம் அடிக்கிற ரத்தத்தில கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு, நிமிசத்துக்கு ஒரு லீட்டர் அளவு, கிட்னிக்குத்தான் போகுது. அங்க இருக்கிற ஒவ்வொரு குட்டி வடிகட்டிக்கும் ரத்தம் உள்ள வர ஒரு பைப், வெளிய போக ஒரு பைப். நடுவில இருக்கிற அமுக்கம்தான் வடிக்கிறது, ஒரு நாளைக்கு 180 லீட்டர் வடிச்சு அதில ஒண்டரை லீட்டர் மாதிரித்தான் சலமாப் போகும், மிச்சம் திரும்ப உடம்புக்கே. உடம்பில தண்ணி குறைஞ்சா உடம்பே சுரக்கிற ஆஞ்சியோடென்சின் எண்டது வெளிப் பைப்பை இறுக்கும், புரஸ்டாகிளாண்டின் எண்டது உள் பைப்பைத் திறந்து வைச்சிருக்கும், அப்பிடித்தான் அமுக்கம் விழாம நிக்குது.

இப்ப பாருங்கோ, லொசார்டன், எனலப்ரில் எண்ட பிரஷர் குளிசை ரெண்டும் வெளிப் பைப்பைத் தளர்த்தும் (இது நல்லதுக்குத்தான், சீனி வருத்தக்காரருக்கு சலத்தில புரதம் போறதைக் குறைச்சு கிட்னியைக் காப்பாத்துற மருந்தே இதுதான், இந்த வகையில முதல் வந்த குளிசை கப்டோப்ரில் பிரேசில் விரியன் பாம்பின்ட விஷத்தை ஆராயப்போய்க் கிடைச்சது). டிக்ளோபெனக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் மாதிரி நோக் குளிசை எல்லாம் புரஸ்டாகிளாண்டினை நிப்பாட்டி உள் பைப்பை ஒடுக்கும். சலக் குளிசை தண்ணியையே குறைக்கும். மூண்டும் ஒண்டாச் சேந்தா வடிக்க அமுக்கமே இல்ல.

அதால செய்யவேண்டியது இதுதான். பார்மசிக்குப் போகேக்க கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ, ஃபோனில ஒரு ஃபோட்டோ இருந்தாலும் காணும், "பிரஷர் குளிசை போடுறன்" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ, அவை தானாக் கேக்க மாட்டினம். நோவுக்கு முதல் பனடோல், பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல போகக்கூடாது, ஈரல் வருத்தம் இருந்தா அதிலயும் குறைவு. பூசுற ஜெல் உடம்புக்குள்ள கொஞ்சம்தான் போகும், எண்டாலும் கேட்டிட்டுப் பூசுங்கோ.

லொசார்டன் புதுசாத் தொடங்கினா, இல்லாட்டி டோஸ் கூட்டினா, ஒண்டு ரெண்டு கிழமையில கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாக்கவேணும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரைக்கும் ஏறினா பொதுவா டொக்டர்மார் பயப்படுறேல்ல, வெளிப் பைப் தளர்ந்ததின்ட அடையாளம் அது. கூகிள்ல பாத்திட்டு நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ.

சத்தி, வயித்தோட்டம் வந்தா எந்தக் குளிசையை ரெண்டு நாள் விடலாம் எண்டு சுகமா இருக்கேக்கயே கிளினிக்கில கேட்டு கொப்பியில எழுதி வையுங்கோ. ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) குடிக்கலாம். ஆனா கிட்னி ஏற்கனவே பழுது எண்டா தம்பிலியில (செவ்விளநீர்) கவனம், அதில பொட்டாசியம் கூட, லொசார்டனும் பொட்டாசியத்தை ஏத்தும், காலி வீதி ஓரம் வெயிலுக்குள்ள நிண்டு ரெண்டு தம்பிலி குடிக்கிறது உங்களுக்குச் சரிவராது. காய்ச்சல் எண்டா டிக்ளோபெனக் பக்கமே போகாதேங்கோ, கொழும்பில காய்ச்சல் எண்டா முதல் டெங்குவைத்தான் நினைக்கவேணும், அதில இந்தக் குளிசைகள் ரத்தப்போக்கையும் கூட்டும்.