ஒப்பிக்கிறது, வாசிக்கவில்லை: தொடக்கப்பள்ளி ஆங்கிலத்தில் நாம் செய்யும் தவறுகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று படிக்கிறதா? உடனே பூரித்துப் போகாதீர்கள். பாடத்தின் கடைசி வரியைக் காட்டி, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அங்கேயே திணறிவிடும். அதுவரை கேட்டது வாசிப்பு அல்ல, மனப்பாடம்.

இதற்கு முக்கியக் காரணம், எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அதன் ஒலியை விட்டுவிடுவது. தமிழில் ‘க’ என்ற எழுத்தைச் சொன்னாலே ஒலி வந்துவிடும். ஆங்கிலத்தில் தொப்பிக்கான சொல்லை ‘எச், ஏ, டி’ என்று நூறு முறை சொன்னாலும் ‘ஹேட்’ வராது. முதல் எழுத்தின் பெயரில் ‘ஹ’ ஒலியே இல்லையே. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. ஒலியைச் சொல்லித் தரும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. ‘பா, டா’ என்று இழுத்துச் சொன்னால், பிள்ளை சேர்த்துப் படிக்கும்போது சொல்லே மாறிவிடும். ‘ப், ட்’ என்று புள்ளி வைத்த மெய்யாகச் சொல்லுங்கள். தமிழ் மெய்யெழுத்து படித்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

அதே தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுப்பது. நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் ஆட்டுக்கும் மேல்சட்டைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோட்’. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ‘பின்’. சொல்லின் முதலில் வரும் வல்லின ஒலிகளில் ஆங்கிலம் பார்க்கும் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. பிள்ளையின் கண்ணும் ஆங்கில எழுத்துப் பக்கமே போகாது, மேலே இருக்கும் தமிழைத்தான் படிக்கும். எழுதிக் கொடுப்பதற்குப் பதில் வாயால் சொல்லிக் காட்டுங்கள். இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லி, எது ஆடு என்று கேளுங்கள்.

பெரிய எழுத்து 26-ஐயும் முடித்துவிட்டுத்தான் சின்ன எழுத்து என்று காத்திருக்க வேண்டாம். புத்தகம் முழுக்கச் சின்ன எழுத்துதான். எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்துக்கும் (கர்சிவ்) அவசரமில்லை.

பேச்சுக்கு வருவோம். ‘ஐ ஈட்டிங் இட்லி’ என்று பிள்ளை சொன்னால், “தப்பு, ‘ஐ’க்குப் பிறகு ‘ஆம்’ எங்கே?” என்று நடுவில் பாய்கிறோம். அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது. “ஓ, யூ ஆர் ஈட்டிங் இட்லியா?” என்று சரியான வடிவத்தைப் பதிலாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளும் இருக்கின்றன. அதனால் ஆங்கிலம் வளர்வதில்லை, பயம்தான் வளர்கிறது.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். “பக்கத்து வீட்டுப் பையன் மலரில் இருக்கிறான், உன்னை மட்டும் ஏன் அரும்பில் வைத்தார்கள்?” என்று வீட்டில் குடைவது வேண்டாத வேலை. அது தரவரிசை அல்ல. எங்கிருந்து சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டுவது. எழுத்தே பிடிபடாத பிள்ளையிடம் வாக்கியம் வாசிக்கச் சொன்னால் மறுபடி மனப்பாடத்தில்தான் போய் நிற்கும்.

அப்புறம், “எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, டியூஷன் மிஸ் பார்த்துக்கொள்வார்” என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவது. ஆங்கிலம் தெரியாமலும் உதவலாம். கதையைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வந்தால் புரிந்திருக்கிறது. வராவிட்டால் எந்த வரியில் நின்றது என்று பார்த்து, மறுநாள் ஆசிரியரிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.