நிரலக மாற்றத்தின்போது பொதிகளை மறுகட்டுமானம் செய்யும் வரிசை

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரி) இருமநிலை இடைமுகம், அதாவது கட்டப்பட்ட நிரல்கள் அதனுடன் இணையும் விதம், மாறினால், அதைச் சார்ந்த பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகள்) அனைத்தையும் மூலநிரலிலிருந்து மறுபடியும் கட்டியாக வேண்டும். இதில் சிக்கல் பெரும்பாலும் கட்டுவதில் வருவதில்லை. ஆயத்தமாகும் முன்பே புதிய பதிப்பை டெபியனின் வளர்ச்சிக் கிளையான அன்ஸ்டேபிளில் ஏற்றிவிடுவதால்தான் வருகிறது.

இடைமுகம் மாறியிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆப்ஜ்டம்ப் என்ற கருவி காட்டும் எஸ்ஓநேமில் (நிரலகக் கோப்பில் பதிந்திருக்கும், எண்ணுடன் கூடிய பெயர்) உள்ள எண் 1-லிருந்து 2 ஆகியிருந்தால், பொதியின் பெயரிலும் அந்த எண் மாற வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். எஸ்ஓநேம் மாறாமல் கம்பைலரால் இடைமுகம் மாறுவதுதான் ஆபத்தானது. 2015-இல் ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பு வந்தபோது சி++ மொழியின் ஸ்டிரிங், லிஸ்ட் வகைகளின் உள்ளமைப்பு மாறியதால், அவற்றைத் தம் இடைமுகத்தில் வெளிப்படுத்திய நிரலகப் பொதிகளுக்கு 'வி5' என்ற பின்னொட்டு சேர்க்கப்பட்டது. 2024-இல் 32-பிட் கணினிகளுக்காக நேரத்தைக் குறிக்கும் தரவு வகை 64 பிட்டாக விரிந்தபோது 'டி64' சேர்ந்ததும் இதே காரணத்தால்தான். பெயரை மாற்றினால் புதிய பொதிகளுக்கான பரிசீலனை வரிசையில் காத்திருக்க நேரும் என்றாலும், அந்தத் தாமதத்துக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. தவிர்த்தால், பழைய நிரல் எந்த எச்சரிக்கையும் இன்றிப் புதிய நிரலகத்தை ஏற்றிக்கொண்டு, பயனரின் கையில் முறிந்து விழும்.

அடுத்து, புதிய பதிப்பைச் சோதனைக் கிளையான எக்ஸ்பெரிமெண்டலில் ஏற்றி, அதைச் சார்ந்த ஒவ்வொரு பொதியையும் உங்கள் கணினியில் கட்டிப் பாருங்கள். கட்ட முடியாதவற்றுக்கு வழு அறிக்கை இடுங்கள். முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். அதன் பிறகே, மாற்றத்தைத் தொடங்க உங்கள் முறை எப்போது என்று வெளியீட்டுக் குழுவிடம் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேறொரு மாற்றத்திலும் உங்கள் பொதிகள் சிக்கியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திவிடும்.

முறை கிடைத்ததும் அன்ஸ்டேபிளில் ஏற்றி, எல்லாக் கணினிக் கட்டமைப்புகளிலும் (ப்ராசஸர் வகைகளிலும்) நிரலகம் கட்டப்படும் வரை பொறுத்திருங்கள். மறுகட்டுமானம் படிப்படியாகவே நடக்க வேண்டும். படங்களைக் கையாளும் ஒரு நிரலகத்தை மாற்றுகிறீர்கள் என்று கொள்வோம். அதன் மேல் ஓர் ஆவண நிரலகமும், இரண்டையும் பயன்படுத்தும் ஒரு செயலியும் இருக்கின்றன. ஆவண நிரலகத்துக்கு முன்பாகச் செயலியைக் கட்டினால், பட நிரலகத்தின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நிரலுக்குள் ஏறி மோதிக்கொள்ளும். ஆகவே மேல்படியில் உள்ளவை கீழ்ப்படிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கட்டும் சேவையகங்களுக்கு நிபந்தனை இடச் சொல்லுங்கள். மூலநிரலைத் தொடாத இத்தகைய மறுகட்டுமானத்தில் பதிப்பு எண்ணின் இறுதியில் '+பி1' ஒட்டிக்கொள்ளும். கட்டமைப்பைச் சாராத பொதிகளுக்கு இந்த வழி கிடையாது. அவற்றை மூலநிரலாகவே மீண்டும் ஏற்ற வேண்டும்.

ஓகேமல், ஹாஸ்கெல் ஆகிய நிரல்மொழிகளில் கம்பைலர் மாறினாலே அனைத்தையும் அடியிலிருந்து கட்ட வேண்டும்.

புதியவை, அடுத்த வெளியீட்டுக்கான கிளையான டெஸ்டிங்குக்குப் போன பின்பும், ஏதாவது ஒரு பொதி அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரை பழைய நிரலகம் அங்கே தங்கியிருக்கக்கூடும். அதைப் பிடித்து வைத்திருக்கும் பொதிகளைத் தேடித் திருத்துங்கள். திருத்த ஆளில்லாத, வேறெதற்கும் தேவைப்படாத பொதியை டெஸ்டிங்கிலிருந்து நீக்கக் கோருங்கள்.